கலங்களுக்கு வழிகாட்டும் தவாளிப்புகள்

உடலிலிருந்து பிரித்தெடுத்த கலங்களுக்குத் தக்க ஊட்டமும் வெப்பமும் அளித்தால், அவை கண்ணாடித் தட்டிலும் உயிர்வாழும், பெருகும். ஆயினும் வழுவழுப்பான கண்ணாடியில் அவற்றுக்குத் திசையில்லை. தசைக்கலங்கள் மனம்போன போக்கிலே கிடக்கும். சுருங்கும்போது ஒன்றையொன்று எதிர்த்திழுக்கும். இதயத்தசை அணிவகுத்து நிற்பதாலன்றோ குருதியை உந்துகின்றது! அறுந்த நரம்பும் வளர்ந்தாற் போதாது. சேரவேண்டிய இடத்தை நோக்கி வளரவேண்டும்.

அத்திசையைக் காட்டுவது எது? அமெரிக்க விஞ்ஞானி றொஸ் ஹரிசன், 1907 இல் தவளை முளையத்தின் நரம்பிழையத் துண்டொன்றை நிணநீர்த் துளியில் வைத்து, அதிலிருந்து நரம்பு நார் வளர்வதை நேரிற் கண்டவர். சில ஆண்டுகளின் பின்னர் அவரே சிலந்தி நூல்மீது முளையக் கலங்களை வளரவிட்டார். அவை நூலைப் பற்றிக்கொண்டு, அதன் போக்கிலேயே நீண்டன. 1956 இல் போல் வைசும் டெய்லரும் மீன் செதிலை எடுத்தனர். செதிலின் மேல் வரிவரியாகத் தவாளிப்புகள் உண்டு. கலங்கள் அவ்வரிகளின் வழியே அணிவகுத்தன. சமையலறையிற் கழித்தெறியும் பொருளே ஆய்வுக்குப் போதுமாயிற்று.

பிற்காலத்தில் இறுவட்டும் இவ்வேலைக்கு வந்து சேர்ந்தது. பதிவு செய்யத்தக்க இறுவட்டின் பிளாத்திக்குத் தட்டிலே சுருளான தவாளிப்பொன்று ஓடுகின்றது. அடுத்தடுத்த சுற்றுக்களின் இடைவெளி 1.6 மைக்கிரோன், ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய 600 சுற்றுக்கள் அடங்கும். சுருளாயினும், சிறு துண்டாக வெட்டும்போது வரிகள் நேர்கோடுகள் போலவே அமையும். கலத்தின் அகலமோ பத்து இருபது மைக்கிரோன். பழைய இசைத்தட்டின் அகன்ற தவாளிப்பினுள் அது வாய்க்காலில் இறங்குவதுபோல் இறங்கிவிடலாம். இறுவட்டிலோ பல வரப்புக்களின் மேல் விரித்த பாய்போலக் கிடக்கும். அவ்வாறு கிடந்தும் திசையை உணர்வதுதான் வியப்பு.

கலம் நுண்ணிய நீட்டங்களை நாற்புறமும் நீட்டித் தரையைத் தடவுகின்றது. வரப்பின் நீளப்பாட்டில் ஊன்றிய பிடி பெருத்து உறுதிப்படும்; குறுக்கே ஊன்றியது பள்ளத்தால் இடையறும். உறுதியான பிடிகளை இணைத்து உள்ளிருக்கும் புரத இழைகள் இறுக, கலமும் அப்பக்கமாக நீள்கின்றது. காரணம் இம்மட்டே என்று கூறிவிடுதல் அவசரமாகும். எனினும் முக்கியமான பங்கு இதற்குண்டு. இவ்வாறு வரிசைப்பட்ட இளந்தசைக் கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரே திசையில் நீண்ட நார்களாகின்றன.

இதற்கென நுண்வரிகள் செதுக்கிய தட்டுக்களைச் செய்விப்பது பெருஞ்செலவு. வசதி குறைந்த ஆய்வுகூடத்துக்கு இறுவட்டு பேருதவி. ஆனால் அதனை அப்படியே பயன்படுத்தல் ஆகாது. மேற்பூச்சை உரித்து, சாயத்தை மதுசாரத்தாற் கழுவி, துண்டாக வெட்டிக் கிருமி நீக்கவேண்டும். வெறும் பிளாத்திக்கில் கலங்கள் எளிதிற் பற்றா; புரதமொன்றைப் பூசுதல் நன்று. இது மேசைமேல் நிகழும் ஆய்வுக்கேயன்றி, உடலினுட் பதிப்பதற்கன்று.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேறு தட்டுத் தேடவேண்டியதில்லை. இறுவட்டின் நடுத்துளையைச் சூழ்ந்த பகுதி தவாளிப்பின்றி வழுவழுப்பாயிருக்கும். அங்கிருந்து ஒரு துண்டும் விளிம்பருகிலிருந்து ஒரு துண்டும் வெட்டி, ஒரே கலங்களை இரண்டிலும் இட்டுச் சில நாள் கழித்து நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்தால், எத்துண்டு எதுவெனக் கலங்களின் கிடையே காட்டிவிடும்.