கருவைச் சுமப்பவருக்கு என்ன உரிமை?
வாடகைத் தாய்மையும் பல நாட்டுச் சட்டங்களும்

(மாதர் அமைப்பு ஊழியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"வாடகைத் தாய்" என்ற சொல் நயமற்றது என்று சிலர் கருதுகின்றனர். பதிலித் தாய், மாற்றுத் தாய் எனப் பல சொற்கள் முன்மொழியப்படுகின்றன. ஆயினும் மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்ட அந்தச் சொல், சட்டத்தின் மொழி மூடிவைக்கும் ஓர் உண்மையை வெளிப்படையாகச் சொல்கிறது. வாடகை என்றதும் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, தரகர் யார், ஒப்பந்தத்தை எழுதியவர் யார் என்ற கேள்விகள் தாமே எழுகின்றன.

உலக நாடுகளின் சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்கே விடை தேடுகின்றன. பிறக்கும் குழந்தை யாருடையது? இதில் பணம் கைமாறலாமா, கூடாதா? கருவைச் சுமக்கும் பெண்ணுக்குச் சேர வேண்டியது என்ன என்ற மூன்றாவது கேள்வி ஓரத்திலேயே நிற்கிறது.

மூன்று பாதைகள்

முதல் பாதை முழுத் தடை. ஜெர்மனியின் 1990ஆம் ஆண்டுக் கருப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய சிகிச்சையைச் செய்யும் மருத்துவரைத் தண்டிக்கிறது, பெண்ணைத் தண்டிப்பதில்லை. பிரான்சில் 1994 முதல் இத்தகைய ஒப்பந்தம் செல்லாது. இத்தாலி 2004இல் தடை விதித்தது. 2024 அக்டோபரில், தன் குடிமக்கள் வெளிநாடு சென்று இதைச் செய்வதையும் குற்றமாக்கியது.

இரண்டாவது பாதை, ஊதியமின்றி அனுமதிப்பது. பிரிட்டன் 1985இல் வணிகத் தரகைக் குற்றமாக்கியது. அங்கு ஒப்பந்தத்தைக் காட்டி எவரும் நீதிமன்றத்தில் குழந்தையைக் கோர இயலாது. பெற்றவரே சட்டப்படி தாய். பிரசவம் முடிந்து ஆறு வாரங்கள் கழிந்த பின் அவர் தரும் சம்மதமே செல்லும். அதன் பிறகே பெற்றோர் உரிமை நீதிமன்ற ஆணையால் மாறுகிறது. நியாயமான செலவுத் தொகையை அவர் பெறலாம்.

மூன்றாவது பாதை சந்தை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1988இல் கட்டண ஒப்பந்தம் செல்லாது என்றது. 1993இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமோ, குழந்தையைப் பெற்று வளர்க்கும் நோக்கத்துடன் ஏற்பாட்டைத் தொடங்கியவரே தாய் என்றது. கட்டண ஒப்பந்தங்களை நெடுங்காலம் செல்லாதவையாக வைத்திருந்த நியூயார்க், 2021 பிப்ரவரியில் அனுமதி அளித்தது. ஆனால் அதனுடன் கருவைச் சுமப்பவருக்கென ஓர் உரிமைப் பட்டியலையும் சேர்த்தது. அவர் தாமே தேர்ந்துகொள்ளும் வழக்கறிஞர், மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு ஆகியவற்றின் செலவு குழந்தை வேண்டுவோரைச் சேரும். தம் உடல் பற்றிய மருத்துவ முடிவுகளை அவரே எடுப்பார். சந்தையின் கோட்டையான நாட்டிலேயே மூன்றாவது கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இடம்பெயரும் சந்தை

இந்தியா நெடுங்காலம் இத்தொழிலின் உலக மையங்களில் ஒன்றாக விளங்கியது. குஜராத்தின் ஆனந்த் நகரம் அதனாலேயே வெளிநாடுகளில் பெயர்பெற்றது. 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. 2008இல் ஒரு ஜப்பானியத் தம்பதியர் குழந்தை பிறக்கும் முன்பே மணமுறிவு பெற்றதால், பிறந்த குழந்தை பயண ஆவணமின்றி இங்கேயே சிக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு சட்ட ஆணையம் தன் 228ஆவது அறிக்கையில் வணிக முறையைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 2015 நவம்பரில் வெளிநாட்டினருக்குக் கதவு அடைக்கப்பட்டது.

மூலதனம் அடைத்த கதவின் முன் காத்து நிற்பதில்லை. இந்தியாவில் விசா விதிகள் இறுகியபோதே தொழிலின் ஒரு பகுதி நேபாளத்துக்கு நகர்ந்திருந்தது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தின்போது, இஸ்ரேல் தன் குடிமக்களுக்காக அங்கு பிறந்த குழந்தைகளை விமானத்தில் அழைத்துச் சென்றது. அங்கு கரு சுமந்த பெண்களில் பலர் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள். அதே ஆண்டு நேபாளமும் தடை விதித்தது. தாய்லாந்தில், இரட்டைக் குழந்தைகளில் ஒன்று ஆஸ்திரேலியா சென்றுவிட, டவுன் சிண்ட்ரோம் உள்ள மற்றொன்று பெற்ற பெண்ணிடமே இருந்த செய்தி 2014இல் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. 2015இல் அந்நாடும் வெளிநாட்டினரைத் தடுத்தது.

சந்தை கம்போடியாவுக்குச் சென்றது. 2016இல் அங்கும் தடை வந்தது. 2018இல் கருவுற்றிருந்த 30க்கும் மேற்பட்ட பெண்கள் கைது செய்யப்பட்டனர். குழந்தைகளைத் தாமே வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டனர். 2024இல் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த 13 பெண்களுக்கு அங்கு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அரச மன்னிப்புக்குப் பின் நாடு திரும்பினர். தரகு நிறுவனம் எல்லை தாண்டித் தப்பிவிடுகிறது. வயிற்றில் கருவுடன் இருப்பவர் அகப்பட்டுக்கொள்கிறார். 2020 மே மாதத்தில், கொரோனா முடக்கத்தால் பெற்றோர் வர இயலாமல், உக்ரைன் தலைநகரின் ஒரு விடுதியில் டஜன் கணக்கான பச்சிளங் குழந்தைகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்ததை உலகமே கண்டது.

இந்தியச் சட்டத்தின் "தன்னலமின்மை"

2022 ஜனவரி 25 முதல் வாடகைத் தாய் முறை (ஒழுங்குபடுத்தல்) சட்டம், 2021 நடைமுறையில் உள்ளது. தன்னலமற்ற முறை மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. கருவைச் சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகிச் சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையே இதைச் செய்யலாம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் உண்டு, ஊதியம் இல்லை. வணிக முறைக்குப் பத்தாண்டு வரை சிறை. குழந்தை வேண்டுவோரில் மணமான தம்பதியரும், 35 முதல் 45 வயதுக்குட்பட்ட கைம்பெண்களும் மணமுறிவு பெற்ற பெண்களுமே தகுதி பெறுகின்றனர். மணமாகாத பெண்ணுக்கும் ஒருபால் இணையர்க்கும் இடமில்லை. குடும்பம் என்பதற்கு ஆட்சியாளர்கள் வைத்திருக்கும் பழைமைவாத வரையறை இங்கே சட்டமாகியுள்ளது.

இந்த ஏற்பாட்டில் மருத்துவர் கட்டணம் பெறுகிறார். மருத்துவமனை, மருந்து நிறுவனம், காப்பீட்டு நிறுவனம், வழக்கறிஞர் எவரும் தன்னலமின்றிச் செயல்பட வேண்டியதில்லை. அந்தக் கடமை ஒன்பது மாதம் உடலால் உழைப்பவருக்கு மட்டுமே விதிக்கப்பட்டிருக்கிறது. சமையலுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் "அன்பு" என்று பெயரிட்டு ஊதியத்தை மறுக்கும் அதே குடும்ப ஒழுங்கு, இங்கே கருப்பைக்கும் நீள்கிறது. 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே இதைச் சுரண்டல் என்று கண்டு, உரிய ஈட்டுத்தொகையைப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. கருக்கலைப்புக்கோ, அப்பெண்ணின் எழுத்துப்பூர்வச் சம்மதம் மட்டும் போதாது. உரிய அதிகாரியின் அனுமதியும் வேண்டும். 2024 ஜூனில் மத்திய அரசு ஊழியரான பெண்கள் இதற்காக 180 நாள் விடுப்பு பெற வழி செய்யப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பீடி சுற்றுபவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அந்த ஆறு மாதக் கூலியை யார் தருவார்?

இடதுசாரி நோக்கு

இப்பிரச்சினையில் முற்போக்கு இயக்கங்களுக்குள் இரு கருத்துகள் உள்ளன. குழந்தையையும் கருப்பையையும் சரக்காக்கும் எதையும் அனுமதிக்கலாகாது என்பது ஒன்று. இதுவும் உழைப்பே, உழைப்பாளியின் உரிமைகளை வழங்குக என்பது மற்றொன்று. முதற்கருத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. தொழிலாளி குறிப்பிட்ட நேரத்துக்கு உழைப்புச் சக்தியை விற்கிறார். மீதி நேரம் பெயரளவிலேனும் அவருடையது. கருச்சுமத்தலில் வேலைநேரம் முடிவதே இல்லை. உறக்கமும் உணவும் உடல்நலமும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் வறுமை நீடிக்கும்வரை, தடை மட்டும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது என்பதற்குக் கம்போடியச் சிறைகளே சான்று. தரகு மூலதனத்தைத் தடுப்பதும், பெண்ணின் உரிமையை நிலைநாட்டுவதும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

எனவே எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கருவைச் சுமக்கும் பெண்ணை எந்நிலையிலும் குற்றவாளியாக்கக் கூடாது. ஊதிய இழப்புக்கும் உடல் பாதிப்புக்கும் அரசு நிர்ணயிக்கும் ஈட்டுத்தொகை வேண்டும். அவர் மொழி அறிந்த தனி வழக்கறிஞரும், மகப்பேற்றுக்குப் பிந்தைய மருத்துவமும் மனநல ஆதரவும் உறுதி செய்யப்பட வேண்டும். கருக்கலைப்பு உட்பட அனைத்து மருத்துவ முடிவுகளும் அவருடையவையாக இருக்க வேண்டும். தரகர்களையும் விதி மீறும் கருத்தரிப்பு மையங்களையும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். அமைப்புசாராப் பெண் தொழிலாளர் அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு வேண்டும்.

கடனை அடைக்கவும் பிள்ளையைப் படிக்கவைக்கவும் கருப்பையைத் தவிர வேறு வழியில்லாத நிலையே இச்சந்தையின் அடித்தளம். ஆகவே வேலை, கூலி, நுண்கடன் கொடுமை ஆகியவற்றுக்கான போராட்டங்களிலிருந்து இக்கோரிக்கைகளைப் பிரிக்க முடியாது. மாதர் அமைப்பும் தொழிற்சங்கங்களும் இவற்றைக் கூட்டாக மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும்.