தானியங்கும் குறுஞ்செய்தியும் தமிழ் இலக்கணமும்



உலகின் முதல் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. அதில் நாம் பெரிதும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அது கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குச் செல்லவில்லை. கணினியிலிருந்து கைப்பேசிக்குச் சென்றது. ஆகவே, இயந்திரம் அனுப்ப மனிதர் படிப்பது என்பது குறுஞ்செய்தியின் பிற்காலத் திரிபன்று. அதன் பிறப்பே அவ்வாறுதான்.

இன்று நம் கைப்பேசிகளைத் திறந்து பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். பலதுறை மருந்தகத்தின் சந்திப்பு நினைவூட்டல், நூலகத் தவணை அறிவிப்பு, வங்கியின் ஒருமுறைக் கடவுஎண், சமூக மன்ற நிகழ்ச்சி அழைப்பு ஆகியவற்றை எவரும் அமர்ந்து ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. யாரோ ஒருவர் என்றோ எழுதிவைத்த ஒரு வார்ப்புருவில் பெயரையும் நாளையும் பொருத்தி மென்பொருள் அனுப்பிவைக்கிறது. ஒரு குடும்பம் நாள்தோறும் படிக்கும் எழுத்தில் கணிசமான பங்கு இவ்வகையினதே. அவ்வார்ப்புரு தமிழில் இல்லையென்றால், அந்த அளவிற்கு அன்றாட வாழ்விலிருந்து தமிழ் விலகி நிற்கிறது என்பதே பொருள். அதைத் தமிழில் எழுதுவதற்குக் கணினி அறிவு மட்டும் போதாது. இலக்கண அறிவும் வேண்டும். ஆதலால் இது தமிழாசிரியர்களின் பணியுமாகும் என்பதே இன்றைய உரையின் மையக் கருத்து.

எழுபது இடங்களுக்குள் தமிழ்

முதலில் இடத்தின் அளவைப் பார்ப்போம். ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டுகளைச் சுமக்கும். அதாவது 1,120 பிட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டுகள் போதும் என்பதால் 160 எழுத்துகள் அதில் அடங்கும். இந்த 160 என்னும் அளவு போதுமானது என்று 1980களில் வாதிட்டவர் ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட். அஞ்சல் அட்டைகளிலும் டெலக்ஸ் செய்திகளிலும் மக்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்டே அவர் அம்முடிவிற்கு வந்தார். அவர் எண்ணிப் பார்த்தவை ஐரோப்பிய மொழி எழுத்துகள்.

தமிழ், ஒருங்குறியின்வழி அனுப்பப்படும்போது ஒவ்வொரு குறியீட்டிற்கும் 16 பிட்டுகள் தேவைப்படுகின்றன. 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. அந்த எழுபதும் எழுபது தமிழ் எழுத்துகள் அல்ல. உயிர்மெய்யெழுத்தின் மெய்ப்பகுதிக்கு ஓர் இடம், உயிர்க்குறிக்கு ஓர் இடம், புள்ளிக்கு ஓர் இடம் எனக் கணக்கு ஏறுகிறது. ‘வணக்கம்’ என்பதில் நாம் காண்பவை ஐந்து எழுத்துகள். கைப்பேசி எண்ணுபவை ஏழு. ‘பெற்றோரே’ என்பதில் நாம் காண்பவை நான்கு. கைப்பேசி எண்ணுபவை எட்டு. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தை இட்டாலும் அச்செய்தி முழுவதும் எழுபது இடக் கணக்கிற்கு மாறிவிடும். எழுபதைத் தாண்டினால் செய்தி பகுதிகளாகப் பிரிக்கப்படும். பகுதிகளை மீண்டும் இணைப்பதற்கான குறிப்பும் இடம் பெறவேண்டியிருப்பதால், ஒவ்வொரு பகுதியிலும் 67 இடங்களே எஞ்சும். மொத்தமாக அனுப்பும் நிறுவனங்கள் பகுதிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்துவதே வழக்கம். தமிழில் அனுப்பினால் செலவு கூடுகிறது என்னும் குரல் எழுவது இதனால்தான்.

இக்குறையைப் போக்க முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென 7 பிட் அட்டவணைகளைத் தன் தரநிலையில் சேர்த்தது. ஆயினும், அனுப்பும் முனையும் பெறும் முனையும் அதனை ஏற்றால்தான் பயன் கிட்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகம் கண்டது. கைப்பேசிகளில் தமிழ் எழுத்துகளே இல்லாதிருந்த காலத்தில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அது வழிவகுத்தது.

பொறியியல் வழிகள் ஒருபுறம் இருக்க, நம் கையில் உள்ள வழி சொற்சுருக்கம். தமிழ்மொழிக் கழகப் பொறுப்பாசிரியர் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: “அன்புடையீர், நாளை சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தமிழ்மொழிக் கழக விவாதப் பயிற்சி.” இதில் 79 இடங்கள் செலவாகின்றன. செய்தி இரண்டு பகுதிகளாகிவிட்டது. இடம் எது என்பதோ இன்னும் சொல்லப்படவில்லை. அதையே இவ்வாறு எழுதலாம்: “நாளை சனி காலை 10 மணி: விவாதப் பயிற்சி. இடம்: பள்ளி நூலகம்.” இதற்கு 58 இடங்கள் போதும். செய்தி ஒரே பகுதியில் அடங்கியது, இடமும் சேர்ந்துகொண்டது. பொருள் குறையாமல் சொல்லைக் குறைக்கும் இப்பயிற்சி, சுருக்கி வரைதலை வகுப்பில் கற்பிப்போருக்குப் புதிதன்று. மாணவருக்குச் சுருக்கத்தின் தேவையை உணர்த்த இதைவிட நடைமுறை சார்ந்த பாடமும் எளிதில் கிட்டாது.

வார்ப்புருவும் புணர்ச்சியும்

அடுத்து, தானியக்கத்தின் உயிர்நாடியான வார்ப்புரு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தில் வெற்றிடம் விட்டு எந்தப் பெயரை இட்டாலும் பெயரின் வடிவம் மாறுவதில்லை. தமிழில் அவ்வாறு இயலாது. பெயர்கள் வேற்றுமையுருபு ஏற்கும்போது வடிவம் மாறுகின்றன. குமார் என்பது குமாரை, குமாருக்கு என்றாகும். மணி என்பது யகர உடம்படுமெய் பெற்று மணியை என்றும், கமலா என்பது வகர உடம்படுமெய் பெற்றுக் கமலாவை என்றும் வரும். செல்வம் என்பதோ அத்துச் சாரியை பெற்றுச் செல்வத்தை என்றாகும். இவற்றை அறியாத மென்பொருள், வெற்றிடத்தின் பின்னே ‘ஐ’ என்றும் ‘க்கு’ என்றும் ஒட்டிவைத்தால், ‘கமலாஐ’, ‘குமார்க்கு’ என்னும் வடிவங்கள் பிறக்கும். பிள்ளையின் பெயர் சிதைந்து வரும் ஒரு செய்தியைப் பெற்றோர் எவ்வாறு மதிப்பர்? அவர்கள் அச்செய்தியை மட்டும் குறைவாக எண்ணுவதில்லை; தமிழ் இதற்கெல்லாம் ஏற்றதன்று என்றே எண்ணத் தலைப்படுவர்.

வினைமுற்றிலும் இதே சிக்கல் உண்டு. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றில் எதை இடுவது என்பது பெயரை மட்டும் பார்க்கும் இயந்திரத்திற்குத் தெரியாது.

இதற்கான தீர்வு தமிழிலேயே இருக்கிறது. ‘அவர்கள்’ என்னும் மரியாதைச் சொல்லைப் பெயரின் பின் இட்டால், உருபைத் தாங்குவது அச்சொல்லே. பெயர் மாறாமல் நிற்கும். ‘கமலா அவர்களை’, ‘மணி அவர்களுக்கு’, ‘செல்வம் அவர்களின்’ என எப்பெயரும் பொருந்தும். பெயர்ப் பட்டியல் ரோமன் எழுத்தில் இருந்தாலும் இவ்வழி பொருந்தும். மாணவரைக் குறிக்கும்போது ‘கமலா என்னும் மாணவரை’ எனலாம். வினைமுற்றைப் பலர்பாலில் அமைத்தால் ஆண்பால் பெண்பால் சிக்கலும் நீங்கும். ‘மாணவர்: கமலா. இன்று வருகை இல்லை’ என்று வினைமுற்றே இல்லாமல் எழுதவும் தமிழ் இடம் தருகிறது. நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடங்களில் கண்டறியக்கூடிய தீர்வுகள் இவை. அவரிடம் எவரும் கேட்பதில்லை என்பதே குறை.

தேடலும் வடிகட்டலும்

செய்தியை அனுப்புவது ஒரு பாதி. வரும் செய்திகளை ஒழுங்குபடுத்துவது மறுபாதி. ஆண்டிராய்டு கருவிகளில் கூகுளின் மெசேஜஸ் செயலி, எழுதிய செய்தியைக் குறித்த நேரத்தில் அனுப்புகிறது. ஆப்பிளின் ஷார்ட்கட்ஸ் செயலியில், ஒரு குறிப்பிட்ட சொல் அடங்கிய செய்தி வந்தால் இன்ன செயலைச் செய் என்று விதி அமைக்கலாம். ஆண்டிராய்டில் டாஸ்கர் செயலியும் இத்தகைய விதிகளுக்குப் பெயர்பெற்றது. வேண்டாத செய்திகளைச் சொற்களைக் கொண்டு ஒதுக்கும் வடிகட்டிகளும் உள்ளன.

இவ்விதிகளுக்குச் சொல் என்பது குறியீடுகளின் வரிசை மட்டுமே. மோசடிச் செய்திகளை ஒதுக்க எண்ணி ஒருவர் ‘பரிசு’ என்னும் சொல்லை விதியாக இடுகிறார் எனக் கொள்வோம். ‘பரிசை வென்றுள்ளீர்கள்’ என்னும் செய்தி அதில் சிக்காது. ஏனெனில், உருபு சேரும்போது குற்றியலுகரம் கெட்டு, ‘பரிசு’ என்னும் வரிசையே அங்கு இல்லாமற் போகிறது. சரி, ‘பரிச’ என்று சுருக்கி இட்டால் என்ன? அப்போது ‘இரத்தப் பரிசோதனை’ பற்றிய மருந்தகச் செய்தியும் ஒதுக்கப்பட்டுவிடும். ‘பரிசு’ என்றே விட்டாலும், தேவாலயத்திலிருந்து வரும் ‘பரிசுத்த’ என்னும் சொல் மாட்டிக்கொள்ளும். பகுதி, விகுதி, சாரியை, விகாரம் எனப் பகுபத உறுப்பிலக்கணம் படிக்கும் மாணவர், இது எதற்கு என்று கேட்டால் நாம் தயங்காமல் காட்டக்கூடிய விடை இது.

எழுத்து நிலையிலும் கவனம் வேண்டும். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒன்றே என ஒருங்குறி கூறினாலும், அதைச் செயற்படுத்தாத மென்பொருள் இரண்டையும் வெவ்வேறாகவே கொள்ளும். ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தை இடும் பழக்கமும் தேடலைக் கெடுக்கும். பதில்களைத் தானாகத் தொகுக்க விரும்புவோர், ‘வருவோர் 1, வாராதோர் 2 எனப் பதில் அனுப்புக’ என்று எண்களைக் கேட்பது நலம். வருகிறேன், வரேன், வர்றேன் எனப் பல வடிவங்களில் வரும் விடைகளை எளிய விதி எதுவும் எண்ணித் தர இயலாது.

நம்பகமும் மொழியும்

மென்பொருள் செய்திகளை நிருவகிக்கும் முறையே தீங்கிற்கு வழியாவதும் உண்டு. கைப்பேசி, அனுப்புநரின் பெயரைப் பார்த்தே செய்திகளை ஒரே இழையில் கோக்கிறது. 2021ஆம் ஆண்டு இறுதியில் மோசடிக்காரர்கள் இங்குள்ள வங்கி ஒன்றின் பெயரைப் பயன்படுத்தியபோது, அவர்களின் பொய்ச் செய்திகள் வங்கியின் உண்மைச் செய்திகளுக்கு அடியிலேயே தோன்றின. ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். பின்னர், 2023ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல், பெயருடன் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அப்பெயரைப் பதிந்துகொள்வது சிங்கப்பூரில் கட்டாயமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ என்னும் ஒரே பெயரில் வருகின்றன. மோசடி பற்றிய ஐயங்களுக்கு 1799 என்னும் உதவி எண்ணும் இயங்குகிறது.

இவை போற்றத்தக்க ஏற்பாடுகள். ஆனால், பதியாத பெயரிலிருந்து வரும் செய்திகளின்மேல் ‘லைக்லி-ஸ்கேம்’ என்று தோன்றும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டிக்கு அது எச்சரிக்கையாகத் தோன்றாது. இன்னோர் அனுப்புநரின் பெயராகவே தோன்றும். ‘இது மோசடியாக இருக்கக்கூடும் என்று பொருள், பாட்டி’ என வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களே. மேலும், நிறுவனங்களின் உண்மைச் செய்தி திருத்தமான தமிழில் வந்து பழகினால்தான், பிழை மலிந்த பொய்ச் செய்தியைப் படிப்போர் ஐயுறுவர். உண்மைச் செய்தியும் சிதைந்த தமிழில் வந்தால், இரண்டையும் பிரித்தறிய மொழி துணை செய்யாது.

நாம் செய்யக்கூடியவை

இறுதியாக, மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒவ்வொரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகமும் பத்து வார்ப்புருக்களையேனும் ஆக்கிவைக்கட்டும்: நினைவூட்டல், நேரமாற்றம், நிகழ்ச்சி ஒத்திவைப்பு, நன்றி போன்றவை. ஒவ்வொன்றும் எழுபது இடங்களுக்குள் அடங்கவேண்டும். எப்பெயரை இட்டாலும் பிழைபடாதிருக்க வேண்டும். குமார், மணி, கமலா, செல்வம் என நான்கு ஈறுகளையுடைய பெயர்களை இட்டுச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, அவ்வார்ப்புருக்களைச் சமூக அமைப்புகளோடும் ஆலயங்களோடும் பகிர்ந்துகொள்வோம். தமிழில் அனுப்ப விருப்பம் இருந்தும், எழுதித் தருவதற்கு ஆளில்லாமையால் ஆங்கிலத்தோடு நின்றுவிடுவோர் பலர்.

மூன்றாவது, எதை இயந்திரத்திடம் விடலாகாது என்பதையும் மாணவருக்கு உணர்த்துவோம். நாளும் நேரமும் இடமும் இயந்திரம் சொல்லலாம். இரங்கலையும் பாராட்டையும் மன்னிப்பையும் மனிதரே எழுதவேண்டும். தானியக்கத்தால் மிஞ்சும் நேரம் அத்தகைய சொற்களுக்காகச் செலவிடப்படுமாயின், அந்த மென்பொருளால் நாம் பெற்ற பயன் முழுமையாகும்.

விதிகளின்படி இயங்குவது இயந்திரம். விதிகளைத் தெளிவாக வகுத்து வைத்திருப்பது நம் இலக்கணம். இவ்விரண்டையும் அறிமுகப்படுத்திவைக்கும் இடத்தில் தமிழாசிரியர் இருக்கிறார். அவ்விடத்தை அவர் ஏற்றுக்கொள்வாராயின், நம் வீடுகளுக்கு நாள்தோறும் வரும் சிறு செய்திகளிலும் தமிழ் பிழையின்றி வாழும்.