வாசல் திறந்திருக்கிறது, இருக்கையில் யார்?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழாவில் என்ன பார்த்தாய், வந்து சொல் என்று கேட்டீர்கள். ஆவணக் காப்பக வேலைக்காகப் போன இடத்தில், மாலை நேரங்களில் நாடகமும் காமெடியுமாக நான் பார்த்தது மொத்தம் 16 நிகழ்ச்சிகள். 2019இல் அந்த விழாவில் 3,800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன, 30 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. அந்தக் கடலில் 16 என்பது கால் நனைத்த கணக்கு. அதை வைத்துக்கொண்டு விமர்சனம் சொல்லப் போவதில்லை. மேடையைவிட அதிகமாக நான் கவனித்தது எதிரே இருந்த நாற்காலிகளைத்தான். அதைப் பற்றிப் பேசுகிறேன்.

'ஃப்ரிஞ்ச்' என்றால் ஓரம், விளிம்பு. பெயர் வந்த கதை சுவையானது. இங்கே விடுதலைக் கொடி ஏறிய அதே 1947 ஆகஸ்டில், போரில் களைத்துப்போன ஐரோப்பாவுக்குக் கலையால் மருந்து போடுகிறோம் என்று எடின்பரோவில் ஒரு சர்வதேச விழாவைத் தொடங்கினார்கள். அழைப்பு பெரிய குழுக்களுக்கு மட்டும். அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து கிடைத்த இடத்தில் ஆடின. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடக ஆசிரியர் பத்திரிகையில் எழுதும்போது இவர்களை விழாவின் விளிம்பு என்று குறிப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த எட்டில் ஒன்று கிளாஸ்கோ யூனிட்டி தியேட்டர், இடதுசாரித் தொழிலாளர்களின் குழு. அவர்கள் ஆடியவற்றில் ஒன்று மாக்சிம் கார்க்கியின் 'லோயர் டெப்த்ஸ்', ஒரு மலிவு விடுதியில் ஒதுங்கிக் கிடக்கும் ஏழைகளின் கதை. பந்திக்கு அழைக்காத வீட்டுக்குப் போய்த் தானே இலை போட்டு உட்கார்ந்தவர்கள்தான் இந்த விழாவின் முன்னோர். எனக்கு இந்த வரலாறு ரொம்பப் பிடிக்கும்.

இன்றும் தேர்வுக் குழு கிடையாது. ஃப்ரிஞ்ச் சொசைட்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நிகழ்ச்சிப் பட்டியல் போடும், டிக்கெட் விற்கும். யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று சொல்லாது. இடம் பிடிக்க முடிந்தால் யாரும் ஆடலாம். தேவாலயக் கூடம், மதுக்கடை நிலவறை, பல்கலைக்கழக வகுப்பறை, பழைய கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அரங்கு, எல்லாமே மேடை.

'இடம் பிடிக்க முடிந்தால்' என்ற மூன்று சொல்லில்தான் சூட்சுமம். பதிவுக் கட்டணம் இருக்கிறது. ஒரு மாதம் தங்க அறை வேண்டும், போஸ்டர் வேண்டும், தெருவில் துண்டறிக்கை கொடுக்க ஆள் வேண்டும். டிக்கெட் வருமானத்தில் அரங்கு நடத்துகிறவருக்குப் பங்கு உண்டு. பல இடங்களில் டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கட்டியாக வேண்டும். கடனோடு ஊர் திரும்புவது அங்கே சகஜம், அதுவே மேடையில் வழக்கமான ஜோக். ஆகஸ்டில் நகரத்து வாடகை எகிறிவிடும். நான் ஆற்றுக் கழிமுகத்துக்கு அக்கரையில் கிர்க்கால்டி என்ற ஊரில் அறை எடுத்து, தினமும் ரயிலில் பாலம் தாண்டி வந்தேன். ஆடம் ஸ்மித் பிறந்த ஊர் அது. சந்தையும் வாடகையும் பற்றி அவரிடம் கேட்க நிறைய இருந்தது.

ஆக, யாரும் யாரையும் தடுக்கவில்லை. வீட்டில் பணம் இருப்பவர் வருகிறார், இல்லாதவர் வருவதில்லை, அவ்வளவுதான். 'மெரிட்' என்ற சொல்லை நாம் எங்கெங்கே கேட்டிருக்கிறோமோ அங்கெல்லாம் அடிக்கும் அதே வாடை. வர்க்கமும் சாதியும் ஒன்று என்று சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பணம் சேர்ந்துவிட்டால் கதவு திறக்கும். இங்கே முன்பணம் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் வீட்டுக்காரர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்.

ஒரு கிளைக்கதை சொல்கிறேன், என் ஆய்வோடு சேர்ந்தது. பகலில் நான் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பழைய மிஷன் ஆவணங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 1830களின் இறுதியில் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி சென்னையில் ஒரு பள்ளி நடத்தினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி. அதில் பறையர் பிள்ளைகள் சிலரைச் சேர்த்தபோது, அவர்களை வெளியேற்று, இல்லாவிட்டால் தனியே உட்காரவை என்று சாதி இந்துக்கள் கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பலர் பள்ளியை விட்டு விலகினார்கள். பள்ளி திறந்துதான் இருந்தது. சண்டை பெஞ்சைப் பற்றியது. ஆண்டர்சன் பின்னர் சேர்ந்த சுதந்திர சபை தன் பேரவைக்கென்று கட்டிய பெரிய கூடம் எடின்பரோவின் நடுவே ஒரு மேட்டில் இன்றும் நிற்கிறது. ஆகஸ்டில் அது ஃப்ரிஞ்ச் அரங்கு. நூலகம் மூடியதும் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்தேன். மேடையில் என்னவோ நடந்தது, எனக்குப் பெஞ்சு ஞாபகமாகவே இருந்தது.

இனி இரண்டு நிகழ்ச்சிகள்.

ஒன்று, இந்தியப் பெருநகரிலிருந்து வந்த ஒருவரின் ஸ்டாண்ட்அப் காமெடி. பெயர் வேண்டாம். அங்கே இந்தியர்கள் இப்போது புதிதல்ல. 2023இல் எடின்பரோ நகைச்சுவை விருதின் முதன்மைப் பரிசு இந்திய வம்சாவளியான அஹிர் ஷாவுக்கும், புதுமுகப் பரிசு மும்பையின் உரூஜ் அஷ்ஃபாக்குக்கும் போனது. நான் பார்த்தவரும் திறமைசாலிதான். அம்மா வரன் தேடுகிற கதை வந்தது. "பையன் எப்படி இருந்தாலும் சரி, நல்ல குடும்பமா இருக்கணும்" என்று அம்மா சொல்கிறார். வெடிச்சிரிப்பு. அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது உலகத்து அம்மாக்கள் எல்லோருடைய கவலை. 'நல்ல குடும்பம்' எதற்கு மாற்றுப்பெயர் என்று இந்தக் கூடத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பூஜையறை வந்தது, அமெரிக்க மாமா வந்தார், வேலைக்காரம்மா வந்தார். சாதி மட்டும் வரவில்லை. பூஜையறையையும் வேலைக்காரம்மாவையும் சாதி இல்லாமல் மேடைக்குக் கொண்டுவருவது பெரிய வித்தை! வேலைக்காரம்மா பேசுவதைப்போலப் பேசிக் காட்டியபோது அறையே குலுங்கியது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த உச்சரிப்பைக் கேட்டு முகம் சுருங்கக்கூடிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க மாட்டார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. டிக்கெட் 14 பவுண்டு. அவர் நம்பிக்கை பெரும்பாலும் சரிதான்.

இரண்டாவது, ஒரு மதுக்கடையின் பின்னறையில் நடந்த இலவச நிகழ்ச்சி. 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்ற காமெடியன் தொடங்கிவைத்த முறை இது. அரங்குக்கு வாடகை இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, முடிந்து வெளியே போகும்போது வாளியில் விருப்பப்பட்டதைப் போடலாம். அன்று 14 பேர் இருந்தோம். கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு பெண். "எங்க அம்மா யுனிவர்சிட்டியில 20 வருஷம் இருந்தாங்க. எல்லா டிபார்ட்மெண்டும் அத்துப்படி. எந்த புரொஃபசருக்குக் குறி தப்பும்னும் தெரியும்" என்றார். அம்மா கழிப்பறை கழுவுகிறவர் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான் சிரித்துவிட்டேன். பின்வரிசையில் வேலைச் சீருடையோடு உட்கார்ந்திருந்த ஒரு நடுவயதுப் பெண்ணும் சிரித்தார். மற்றவர்களுக்கு இரண்டு நொடி கழித்துத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு மேடையில் இருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தே பேச ஆரம்பித்தார். மேலாளர்கள் பற்றி, கையுறை தராத ஒப்பந்தக்காரர் பற்றி, காலை நாலரை மணிப் பேருந்து பற்றி. மற்ற பன்னிரண்டு பேரும் ஏதோ அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோலக் கேட்டார்கள்.

என் பாட்டி ஒரு கல்லூரி விடுதியில் கழிப்பறை கழுவியவர். அவர் சொன்ன கதைகள் இதைவிட மோசமானவை, இதைவிடச் சிரிப்பானவை. தெருவில் சாயங்காலம் அவர் அதைச் சொன்னால் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் ஒருமுறைகூட அவற்றை மேடையில் சொன்னதில்லை. ஆஸ்திரேலியக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பி 2017இல் இதே எடின்பரோவில் முதன்மைப் பரிசைப் பகிர்ந்துகொண்ட 'நானெட்' நிகழ்ச்சியில் இதைத்தான் பேசினார். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர் அரங்கைச் சிரிக்கவைக்கத் தன்னையே கேலி செய்துகொள்வது, தன்னைத் தானே அவமதித்துக்கொள்வதில்தான் முடியும் என்பது அவர் வாதம். சரியான வாதம். ஆனால் என் பாட்டியின் தெருவில் அது அவமதிப்பாக இருக்கவில்லையே? கதை அதேதான். கேட்டவர்கள் வேறு.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர் அங்கே ஒருவர் இருக்கிறார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நம்மைப்போல முனைவர் பட்ட ஆய்வில் இருந்த ஜெஸ் பிரஃப். 2018இல் 'ஃப்ரிஞ்ச் ஆஃப் கலர்' என்று தொடங்கினார். வெள்ளையரல்லாத கலைஞர்களின் நிகழ்ச்சிகளைத் தேடிப் பட்டியலிட்டார். அதோடு நிற்காமல், வெள்ளையரல்லாத இளைஞர்களுக்கு இலவச டிக்கெட் வாங்கிக் கொடுத்து அரங்கில் உட்காரவைத்தார். 2019இல் நகைச்சுவை விருதின் நடுவர் குழு இதற்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. சியான் டேவிஸ் தொடங்கிய 'பெஸ்ட் இன் கிளாஸ்', பணம் திரட்டித் தொழிலாளர் வீட்டுக் கலைஞர்களை விழாவுக்கு அழைத்துவரும் முயற்சி. அதற்கு 2022இல் அதே பரிசு. இரண்டும் நல்ல வேலை. எனக்கு ஜெஸ் பிரஃப் செய்தது கூடுதலாகப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கலைஞரைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள், நாற்காலியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

நமக்கும் இது புதிதில்லை. எம்.ஆர். ராதா புராணங்களைக் கிழித்தபோது எதிரே சிரிக்க ஒரு கூட்டம் இருந்தது, அதனால்தான் 1954இல் அரசு நாடகச் சட்டம் கொண்டுவரும் அளவுக்குப் பயந்தது. இன்று மஞ்சீத் சர்க்கார், அங்குர் தாங்கடே போன்ற தலித் நகைச்சுவைக் கலைஞர்கள் சாதியைச் சாதி என்றே மேடையில் பேசுகிறார்கள். அவர்கள் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது மாறும்.

கடைசியாக நம் வட்டத்தின் விஷயம். அடுத்த மாதம் நகைச்சுவை மாலை ஒன்று நடத்துகிறீர்கள். அறிவிப்பைப் பார்த்தேன். மாலை ஆறு மணி, டிக்கெட் 150 ரூபாய். நம் விடுதிச் சமையல்கட்டு அக்காக்களுக்கு ஏழரைக்குத்தான் வேலை முடியும். துப்புரவு வேலை செய்யும் அண்ணன்களுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம். கடைசிப் பேருந்து 9.40க்கு. எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிக்க முடியுமா? முதல் இரண்டு வரிசைக்கு டிக்கெட் போட வேண்டாம். அவர்களை நாமே போய் அழைப்போம், போஸ்டர் ஒட்டினால் வந்துவிட மாட்டார்கள். நேரத்தை மாற்றினால் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பாட்டியின் கதை ஒன்று இருக்கிறது. ஒரு விடுதிக் காப்பாளர், ஒரு அடைத்துக்கொண்ட குழாய், காணாமல் போன தங்க மோதிரம்.