மனிதவள அதிகாரியும் நமது சேவைக் காலமும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அந்நாளில் தோட்டத்து ஆள்களின் கணக்கு கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தில் அடங்கியிருந்தது. இன்று பெரிய தோட்ட நிறுவனங்களில் அப்பொறுப்பின் பெரும்பகுதி மனிதவளப் பிரிவைச் சார்ந்துள்ளது. மனிதவள அதிகாரி கோப்புகளைக் காப்பவராக மட்டும் இராமல், நிர்வாகத்துடன் அமர்ந்து திட்டம் வகுக்கும் பங்காளராகவும் விளங்க வேண்டும் என்னும் கருத்தை 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிச் பரப்பினார். அத்தகைய அதிகாரியின் அன்றாட அலுவல் யாது? அது நம் வாழ்வை எவ்வாறு தொடுகிறது?

காலையில் அவர் நோக்குவது ஆள் கணக்கு. பெரட்டுக்கு வந்தவர் எத்தனை பேர், எந்த நிரையில் பால் வெட்ட ஆளில்லை, மருத்துவ விடுப்பில் இருப்பவர் யார் என்பனவற்றை அவர் அறிய வேண்டும். அடுத்தது சம்பளக் கணக்கு. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின் விதி. சேமநிதிச் சந்தாவும் சொக்சோ சந்தாவும் தவறாது செலுத்தப்பட வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்தால், 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். பிற்பகலில் குறை கூற வருவோரின் சொற்களைச் செவிமடுத்தல் அவரது கடன்.

இவற்றினும் முக்கியமான அலுவல் ஒன்று உண்டு. முதிர்ந்த ரப்பர் மரங்களை அகற்றிச் செம்பனை நடுவதென நிர்வாகம் எண்ணுகிறது எனக் கொள்வோம். பால் வெட்டுவோரில் யாரை வேறு வேலைக்குப் பழக்கலாம், ஆள்குறைப்பு நேரின் யாருக்கு எவ்வளவு வழங்க வேண்டும் என எடுத்துரைப்பவர் அவரே.

ஆள்குறைப்பில் வேலை இழப்போருக்குரிய தொகையை 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள் வரையறுக்கின்றன. ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்தவர் அதற்கு உரியவர். சேவை இரண்டாண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள்.

தோழர்களே, இக்கணக்கு முழுவதும் நாம் வேலையிற் சேர்ந்த தேதியைப் பற்றியே நிற்கிறது. 18 ஆண்டு உழைத்தவருக்கு 360 நாள் சம்பளம் உரியது. ஏட்டில் 8 ஆண்டு எனப் பதிவாகியிருப்பின், கைக்கு வருவது 160 நாள் சம்பளமே. ஒரு தேதியின் பிழையால் 200 நாள் உழைப்பின் ஊதியம் போய்விடும்!

ஆகவே, நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளைக் கொண்டு அவற்றைப் படிக்கச் செய்யுங்கள். வேலை நன்றாக நடக்கும் இக்காலத்திலேயே அலுவலகத்திற்குச் சென்று, தங்கள் சேர்ந்த தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிழையிருப்பின் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். மனிதவள அதிகாரி நிர்வாகத்தின் ஊழியர்; நம் சார்பில் வாதாடும் பிரதிநிதி அல்லர். எனினும், ஆதாரம் கையில் இருந்தால் அவர் விரைந்து உதவ இயலும். அங்குத் தீராத குறையைத் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் கொண்டு செல்லும் உரிமை நமக்கு உண்டு.

உழைப்பு நம்முடையது, அதன் கணக்கையும் நாமே அறிந்திருப்போமாக.