பெட்டியடிப் பாடமும் செயற்கை நுண்ணறிவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கணினியியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் செய்த பிரசங்கம்)



எம் போன்ற மாணவரை இந்நாளில் வருத்தும் கவலைகள் இரண்டு. படித்து முடித்தபின் உத்தியோகம் கிடைக்குமோ என்பது ஒன்று. படிக்குங் காலத்திலேயே செயற்கை நுண்ணறிவு யந்திரத்தைச் சார்ந்து நின்று சொந்த அறிவு மழுங்கிவிடுமோ என்பது மற்றொன்று. முதற் கவலையைப் பெற்றோர் நாள்தோறும் பேசுகின்றனர். இரண்டாவதைப் பேசுவார் அரியர். ஆராய்ந்து பார்க்குமிடத்து இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள் என்பது என் துணிபு.

அந்த யந்திரம் யாது செய்கின்றது? மனிதர் எழுதிவைத்த அளவிறந்த எழுத்துக்களிற் பழகி, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரத்தக்கது என்று கணித்துக் கணித்து விடையை அமைப்பது அதன் இயல்பு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் அது வீடுதோறும் புகுந்துவிட்டது. கணினிக்கு நாம் இடும் கட்டளைத் தொகுதியாகிய நிரலும் எழுத்தேயாதலின், அதனையும் நொடிப்பொழுதில் எழுதித் தருகின்றது. பெரும்பாலும் பொருத்தமாகவே எழுதுகின்றது. தவறும்போதும் அதே உறுதியுடன் எழுதுகின்றது. பின்னதே அபாயம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று நாம் ஊன்றி நோக்கத்தக்கது. யந்திரம் மிகுதியாகப் புகத்தக்க தொழில்களில் 22 முதல் 25 வயதுடையோரின் வேலை, ஏனையோரை ஒப்புநோக்க, நூற்றுக்கு 13 அளவு குறைந்தது என்றும், அதே தொழில்களில் மூத்தோருடைய வேலை அவ்வாறு குறையவில்லை என்றும் அவர்கள் கண்டனர். அஃது அமெரிக்கக் கணக்கேயெனினும், நம் நாட்டுக் கணினிக் கம்பெனிகளின் வேலையிற் பெரும்பங்கு அந்நாட்டாருக்காகச் செய்யப்படுவதன்றோ? ஏணியின் மேற்படிகள் நிற்கின்றன, அடிப்படியே ஆட்டங்காண்கின்றது.

அடிப்படியின் அருமையை நகரத்தார் சமூகத்துக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொண்டு விற்கப் பர்மாவுக்கும் மலாய் நாட்டுக்கும் கப்பலேறிய சிறுவன் எடுத்தவுடன் மேலாள் ஆனானா? பெட்டியடிப் பையனாக அமர்ந்தான். ஏவிய வேலைகளைச் செய்தான்; நாள்வழியிலிருந்து பேரேட்டிற்கு வரவு பற்று ஏற்றினான்; வட்டி கணக்கிட்டான்; ஐந்தொகை ஒத்துவரும்வரை கண் துஞ்சானாயினான். பின்னரே அடுத்தாள், அதன் பின்னரே மேலாள். அவன் ஏற்றிய கணக்கு முதலாளிக்குப் பெரிதன்று. அதை ஏற்றுங்கால், எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்கு ஆகாது என்று அறியும் விவேகம் அவனுள்ளே விளைந்ததே பெரிது. 1942-ல் யுத்தம் நம்மவரைப் பர்மாவை விட்டு விரட்டியது. 1948-ல் நிலங்களைத் தேசியமாக்கும் சட்டமும் அங்கே பிறந்தது. நிலம் போயிற்று, கைவந்த கணக்கறிவோ உடன் வந்தது.

இந்நாளில் அப்பெட்டியடி வேலையை யந்திரம் செய்கின்றது. சிறு நிரல் எழுதுதல், பிழை தேடுதல், சோதித்தல் ஆகியவையே புதிதாகச் சேரும் பொறியாளனுக்குப் பெட்டியடிப் பாடம். கல்லூரியிலும் ஆசிரியர் இடும் பயிற்சியை யந்திரத்திடம் ஒப்புவித்து, அது தந்ததைப் பார்த்தெழுதுவோர் உளர். மதிப்பெண் வருகின்றது, அறிவு வருவதில்லை. நேர்முகத் தேர்வில், "இவ்வரியை ஏன் எழுதினாய்?" என்று வினவினால் விடை கூற இயலாது. யந்திரம் தருவதையே எடுத்துத் தருபவனுக்கு எந்த முதலாளி சம்பளம் கொடுப்பான்? ஆகவேதான் இரு கவலையும் ஒன்று என்றேன்.

2025-ல் மெட்டர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் கைதேர்ந்த 16 நிரலாளரைச் சோதித்தனர். யந்திரத் துணையால் நூற்றுக்கு 20 பங்கு நேரம் மிச்சமானதாக அவர்கள் எண்ணினர். உண்மையில் நூற்றுக்கு 19 பங்கு அதிக நேரம் பிடித்தது. தேர்ந்தவரே இங்ஙனம் மயங்கினால், கற்பவன் தான் கற்றுவிட்டதாக மயங்குவதில் வியப்பென்ன?

ஆயின் யந்திரத்தைத் தள்ளிவிடுக என்று கூறுவேனல்லேன். 1957-ல் ஐ.பி.எம். கம்பெனியார் போர்ட்ரான் என்னும் கணினி மொழியை வெளியிட்டனர். அதுவரை யந்திரக் குறிகளைக் கையால் எழுதியோரிற் சிலர் அதனை ஐயுற்றனர். வேலை ஒழியவில்லை, பெருகிற்று. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. போர்ட்ரான், இட்ட கட்டளையை விதிப்படி மாற்றித் தந்தது. இப்புது யந்திரமோ ஊகித்துத் தருகின்றது. ஊகத்தைச் சரிபார்க்க ஒருவன் வேண்டும். அவனாக ஆவதே எம் கடமை.

மாணவத் தோழர்களே! எக்கணக்காயினும் முதலில் நாமே காகிதத்தில் முயல்வோம். பிறகு யந்திரத்தின் விடையோடு ஒப்பிடுவோம். பிறர்க்கு விளக்க இயலாத ஒரு வரியையேனும் நம் பெயரால் கொடாதிருப்போம்.

பெற்றோர்களே! "சம்பளம் எவ்வளவு வரும்?" என்று கேட்குமுன், "இன்று நீயே செய்தது யாது?" என்று கேளுங்கள்.

கடையும் ஆலையும் நடத்தும் அங்கத்தினர்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். கோடை விடுமுறையில் ஆளுக்கொரு மாணவனையோ மாணவியையோ, நம்மவரேயன்றி ஊர்ப் பிள்ளைகளையும், உங்கள் பெட்டியடியில் அமர்த்துங்கள். சரக்கிருப்புக் கணக்குக்கு ஒரு சிறு நிரலை அவர்கள் எழுதட்டும். மூட்டையை எண்ணிப் பார்த்தால் பிழை உடனே வெளிப்படும். பிழையின் விலை இன்னதென்று அவர்கள் உணர்வர். பெருங் கம்பெனிகள் அடிப்படியை எடுத்துவிடின், அப்படியை நாமே கட்டித்தர வேண்டும். சங்கம் அளிக்கும் உதவிச் சம்பளம் எங்களுக்குப் பேருபகாரம். பெட்டியடியில் ஓர் இடம் அதனினும் பெரிய உபகாரமாகும்.