காயம் இருக்கும், மூச்சும் இருக்கும்

(வானொலி மறையுரை. பாஸ்கா காலம் 2ஆம் ஞாயிறு, இறை இரக்க ஞாயிறு. நற்செய்தி: யோவான் 20:19-31)



கடந்த வாரம் பாஸ்கா திருவிழிப்பைக் கொண்டாடினோம். ஆண்டுதோறும் அந்த இரவில் நான் காணும் காட்சி ஒன்று உண்டு. திருப்பலி முடிந்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தால், கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருட்டில் சின்னச் சின்ன நெருப்புப் புள்ளிகள் தெரியும். திருநீற்றுப் புதனன்று பீடியையும் சிகரெட்டையும் விட்டவர்கள், பெருவிழா பிறந்ததும் முதல் வேலையாகப் பற்ற வைத்திருப்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள நான் இன்று வரவில்லை. இனி ஒருநாளும் பற்ற வைக்கக் கூடாது என்ற நிலையில், நுரையீரல் நோயோடு வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோவது வழக்கம். கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கடலில் வலை இழுத்தவர். அத்தனை ஆண்டுகளும் பீடியும் கூடவே இருந்தது. இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். சி.ஓ.பி.டி. என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் பீடியை விட்டவர் அவர். இந்தத் தவக்காலத்தில் நற்கருணை பெற்றுக்கொண்ட பிறகு, முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பீடிய விட்டா மூச்சு வந்துரும்னு சொன்னீங்களே சாமி. விட்டு எட்டு மாசம் ஆச்சு. எங்க வந்துச்சு?"

அவர் மனைவி, "சாமிகிட்ட இப்படியா பேசுறது?" என்று அதட்டினார். என்னிடம் பதில் இல்லை. ஆசீர் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வழி நெடுக அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவர் கேட்டதில் தவறில்லை. கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லாத ஒரு வாக்குறுதியை நான் கொடுத்திருந்தேன்.

பிறகு ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த நோயில் மூச்சுக் குழல்கள் சுருங்கிப்போகின்றன, நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகள் சிதைந்துபோகின்றன. சிதைந்த பைகள் திரும்ப வளர்வதில்லை. புகையை விட்டால் போனது வராது. ஆனால் மீதமிருப்பது கரையும் வேகம் குறையும். எந்த வயதில் விட்டாலும், நோய் எவ்வளவு முற்றிய பிறகு விட்டாலும் இந்த நன்மை உண்டு. விட்ட புதிதில் சிலருக்கு இருமலும் சளியும் கூடுவதும் உண்டு. "விட்டதால்தான் கெட்டது" என்று பலர் மறுபடி தொடங்குவது அந்த நாள்களில்தான்.

அன்பார்ந்தவர்களே, இன்றைய நற்செய்தியை இந்தக் கண்ணோடு பாருங்கள். கதவுகள் பூட்டியிருக்க, அச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு சீடர்கள் உள்ளே இருக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவர் வந்து நிற்கிறார். தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். சாவையே வென்ற உடல் அது. ஆனாலும் ஆணிகளின் தழும்பு அதில் மறையவில்லை. தந்தையாகிய கடவுளால் அந்தத் தழும்புகளை மறைத்திருக்க முடியாதா? முடியும். மறைக்கவில்லை. காயத்தோடு நிற்கும் அவரே அவர்கள்மேல் ஊதி, தூய ஆவியாரைக் கொடுக்கிறார். தொடக்கத்தில் மண்ணால் செய்த மனிதனின் நாசிகளில் கடவுள் ஊதிய அதே உயிர்மூச்சு, இப்போது காயம்பட்ட உடலிலிருந்து வருகிறது.

விடுதலை பெற்றவருக்கும் காயம் இருக்கும். காயம் இருப்பதால் விடுதலை பொய்யாகிவிடாது. பீடியை விட்டும் மூச்சுத் திணறுகிற என் சகோதரரே, உங்கள் நுரையீரலில் இருப்பது பழைய தழும்பு. நீங்கள் விட்டது வீண் என்பதற்கு அது சான்று அல்ல.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களை நினைத்துப் பாருங்கள். 1957இல், இளம் வயதில், அவரது வலது நுரையீரலின் ஒரு பகுதியை அறுவை செய்து அகற்றினார்கள். அந்தக் குறையோடுதான் எண்பத்தெட்டு வயதுவரை உழைத்தார். மனித உயிரைக் கெடுத்து வரும் வருமானம் நமக்கு வேண்டாம் என்று, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். 2025ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று மாடத்திற்கு வந்தபோது, வாழ்த்து மட்டும் சொல்ல அவருக்கு மூச்சு இருந்தது. செய்தியை இன்னொருவர் வாசித்தார். அதற்கு அவர் வெட்கப்படவில்லை. மறுநாள் இறைவனிடம் சென்றார். மூச்சு குறைந்தவர் பிறர் உதவியை ஏற்பது இழுக்கு அல்ல என்று அவர் நமக்குக் காட்டிவிட்டுப் போனார்.

நான் மறுபடி அந்தப் பெரியவரிடம் போனேன். "அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு. போன மூச்சு வராது. இருக்கிற மூச்சைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மனைவி அடுப்படிக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார்: போன வாரம் ஒரு துக்க வீட்டில் யாரோ நீட்டிய பீடியை வாங்கி இழுத்துவிட்டாராம். வீட்டில் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. "எட்டு மாசமும் போச்சு சாமி" என்றார். இதை வானொலியில் சொல்ல அவரே அனுமதி தந்தார், பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

எட்டு மாதமும் போகவில்லை. ஒரு பீடி, ஒரு பீடிதான். அதை மறைப்பதில்தான் ஆபத்து. திருத்தூதர் தோமா முதல் ஞாயிறு கூட்டத்தில் இல்லை. விட்டுப்போனவர். ஆனாலும் எட்டாம் நாள் சீடர்களோடு வந்து உட்கார்ந்தார். அவர் ஒருவருக்காகவே ஆண்டவர் மீண்டும் வந்து, தம் காயத்தைத் தொட அழைத்தார். விழுந்தவர் செய்ய வேண்டியது அதுதான். கூட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மருந்தை அதற்கேற்ப மாற்றுவார். துணைவியிடம் சொல்லுங்கள். மனச்சுமை இருந்தால் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள்.

டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி, வணக்கத்திற்குரிய மாட் டால்பட், 1884இல் 28 வயதில் குடியை விட்டார். எடுத்த எடுப்பில் வாழ்நாள் முழுமைக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. முதலில் மூன்று மாதம் என்றுதான் உறுதி எடுத்தார். பின்னர் புகையிலையையும் விட்டார். குடியை விட்டதைவிட அதுதான் கடினமாக இருந்தது என்று அவர் சொன்னதாக அவரை அறிந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே கடினமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், அது உங்கள் விசுவாசக் குறைவு அல்ல. நிக்கோட்டினின் பிடி அத்தகையது. இன்றைக்கு ஒரு நாள் என்று தொடங்குங்கள்.

அந்த ஒரு நாளுக்கு உதவும் சில காரியங்களைச் சொல்கிறேன். ஆசை எழுந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஜெபமாலையில் ஒரு பத்து மணியை நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம்தான். மூச்சு இறைக்கும்போது பதற்றம் வரும், பதற்றம் வந்தால் பீடி நினைவு வரும். அப்போது முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, விளக்கை அணையாமல் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். "இன்ஹேலர் பழகிவிடும்" என்று சொல்லி அதை ஒதுக்காதீர்கள். அது போதைப்பொருள் அல்ல, மருந்து. சரியாக இழுக்கும் முறையை மருத்துவரிடமோ செவிலியரிடமோ செய்து காட்டச் சொல்லுங்கள். விட முடியாமல் தவிப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அதை அச்சிட்டிருக்கிறார்கள். பேச்சு முழு வாக்கியமாக வராமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, காலைவரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் முன்னால் புகைக்காதீர்கள், துக்க வீட்டிலும் திருமண வீட்டிலும் அவர் கையில் நீட்டாதீர்கள். கொசுவர்த்தியும் விறகுப் புகையும் அவர் படுக்கும் இடத்துக்கு வர வேண்டாம். ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் பீடி மட்டுமல்ல, வீட்டுப் பீடத்தின் மெழுகுதிரியும் எரியக் கூடாது. தீப்பற்றிவிடும். மாதா படத்துக்கு மின்விளக்குப் போதும், அன்னை மரியா கோபித்துக்கொள்ள மாட்டார். அன்பியக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தால் சாம்பிராணி வேண்டாம். "நீயே தேடிக்கொண்டது" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆண்டவர் தோமாவிடம் அப்படிச் சொல்லவில்லை.

சென்ற முதல் வெள்ளி அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அப்ப இன்னைக்கும் வேண்டாங்கிறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் பெரியவர். "இன்னைக்கு மட்டும் அண்ணாச்சி" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் நின்றதும், நாங்கள் மூவரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம் சொன்னோம். அவருக்காக இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொன்னோம்.

மன்றாடுவோம். காயங்களோடு உயிர்த்த ஆண்டவரே, மூச்சுக்காகப் போராடும் எங்கள் சகோதர சகோதரிகள்மேல் உம் ஆவியை ஊதியருளும். இன்று ஒரு நாள் புகையின்றி இருக்க அவர்களுக்கு வலுவையும், அவர்களோடு பொறுமையாய் இருக்க எங்களுக்கு அன்பையும் தாரும். ஆமென்.