ஹோம் தியேட்டர் ரிசீவர்: முதல் நாளில் இரண்டு மணி நேரம்

சென்ற மாதம் நமது கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.



தீபாவளித் தள்ளுபடியில் நம் வளாகத்தில் நான்கைந்து வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் வந்திருப்பதாகச் செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி லிஃப்டில் ஏறினால் அவருக்குத் தெரியாமல் போகுமா? அதனால்தான் செயலாளர் என்னை இதைப் பற்றிப் பேசச் சொன்னார். நான் இந்தத் துறைக்காரன் அல்ல, ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். தப்பாக மாட்டிவிட்டு, பிறகு திருத்திக் கற்றுக்கொண்டவன். அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ரிசீவர் வந்த அன்றே அவசர அவசரமாக ஒயர்களைச் செருகி, ஒரு சண்டைப் படத்தைப் போட்டேன். வசனம் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டினேன். குண்டு வெடித்ததும் ஜன்னல் அதிர்ந்தது, குறைத்தேன். ரிமோட்டும் கையுமாகவே இரண்டு வாரம் போனது. ஒரு நாள் மதியம் கீழ் வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம் அவருக்கு நைட் டியூட்டி. "அங்கிள், படத்தோட சத்தம்கூடப் பெரிசா கேக்கல. ஆனா தும் தும்னு அதிருது. படுத்தா தூக்கமே வரல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கண்கள் சிவந்திருந்தன. அன்றைக்குத்தான் ரிசீவரோடு வந்த கையேட்டைப் பிரித்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதல் நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்கி முறையாக அமைத்துவிட்டால், குறைந்த சத்தத்திலேயே வசனம் தெளிவாகக் கேட்கும். கீழ் வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.

முதலில் இடம். ரிசீவர் நன்றாகச் சூடாகும். கதவு போட்ட டிவி அலமாரிக்குள் திணிக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். அதன் தலையில் செட்டாப் பாக்ஸையோ பூஜாடியையோ வைக்காதீர்கள்.

அடுத்து ஒயர். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் ஸ்பீக்கர் ஒயரில் கை வைக்க வேண்டும். முனையில் சுமார் 1 செ.மீ. உறையைச் சீவி, செம்பு இழைகளை இறுக்கமாக முறுக்கிச் செருகுங்கள். ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும், ரிசீவர் தானாகவே அணைந்துவிடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிக் கொடுத்தால் எதுவும் கெடாது. ஆனால் ஓசை கூடில்லாமல், தாழ்ந்த ஒலி மெலிந்து போகும். பல நாள் காரணமே தெரியாது.

ஸ்பீக்கர்களில் சென்டர் டிவிக்குக் கீழே, உங்கள் காதைப் பார்த்தபடி இருக்கட்டும். வசனத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. முன்பக்க இரண்டும் டிவிக்கு இருபுறமும், பின்பக்க இரண்டும் சோபாவுக்குப் பக்கவாட்டில் சற்றே பின்னால். சப்வூஃபரை மட்டும் யோசித்து வையுங்கள். அறையின் மூலையில் வைத்தால் அதன் ஒலி பெருகும். நம் வீட்டுத் தரைதான் கீழ் வீட்டுக் கூரை, இரண்டுக்கும் நடுவில் ஒரே கான்கிரீட். பேச்சுச் சத்தத்தை அது ஓரளவு தடுக்கும், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. மூலையை விட்டும், பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரை விட்டும் தள்ளி, அடியில் கனமான ரப்பர் பாய் போட்டு வையுங்கள். அதிர்வு முழுக்க நிற்காது, ஆனால் குறையும்.

டிவியை இணைக்க ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் போதும். டிவியில் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. அவுட் துளைக்கு. வேறு துளையில் செருகினால் படம் வரும், டிவியின் சத்தம் ரிசீவருக்குப் போகாது. டிவி செட்டிங்ஸில் சி.இ.சி. வசதியை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க். டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்ற இடத்தில் பி.சி.எம். என்று இருந்தால் ஆட்டோ அல்லது பாஸ் த்ரூ என்று மாற்றுங்கள். ஏ.ஆர்.சி. வழியாகப் பி.சி.எம். வந்தால் இரண்டு சேனல்தான் வரும். ஐந்து ஸ்பீக்கர் வாங்கியும் பயன் இருக்காது.

இனி வருவதுதான் முக்கியம். பெரும்பாலான ரிசீவர் பெட்டிகளில் ஒரு சின்ன மைக் இருக்கும். நான் அதைத் தெர்மாகோலோடு சேர்த்துப் பரணில் போட்டிருந்தேன்! அறையின் அளவுக்கும் உங்கள் இருக்கைக்கும் ஏற்ப ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சரிசெய்வது அந்த மைக்தான். டெனானில் இதை ஆடிஸி என்பார்கள், யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில், கேமரா ஸ்டாண்டில் பொருத்துங்கள். கையில் பிடிக்காதீர்கள். சப்வூஃபரின் வால்யூம் திருகைப் பாதியில் வையுங்கள். ஃபேன், ஏசியை அணைத்து, குக்கர் விசில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். சோதனை ஒலி பலமாக வரும், அதனால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அது முடிந்ததும் மூன்று திருத்தங்கள். ஒன்று, ஸ்பீக்கர் அளவு 'ஸ்மால்' என்றும், கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே சரி. இரண்டு, சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். 84 வயதான என் அம்மா, அப்படிக் கூட்டிய பிறகுதான் "என்னடா சொன்னான்?" என்று கேட்பதை நிறுத்தினார். மூன்று, இரவில் நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் என்ற வசதியைப் போடுங்கள். மெல்லிய பேச்சுக்கும் பெரிய வெடிக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறைக்கும்.

பல ரிசீவர்களில் வால்யூம் மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 40 என்றால் மெதுவாக, பூஜ்யத்தை நெருங்க நெருங்க அதிகமாக. செட்டிங்ஸில் அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கலாம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் வையுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரையறுக்கின்றன. ஆனால் அண்டை வீட்டாருக்குள் விதிப்புத்தகம் வரை போக வேண்டியதில்லை.

நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாம் சரிசெய்த பிறகு, அந்தப் பெண்ணின் விடுமுறை நாளில் அனுமதி கேட்டுக் கீழே போனேன். மேலே என் மனைவி ரிமோட்டுடன், கீழே நான் போனுடன். அதே சண்டைப் படம். முதலில் லேசான அதிர்வு இருந்தது. சப்வூஃபரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "அங்கிள், ஆன்ட்டி இன்னும் படமே போடலையா?"

படம் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ரிசீவர் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஓர் எண் இருக்கும். கீழ் வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் அது தெரியும்.